தொப்புளைச் சுற்றி ஓர் ஊசி

அட்மிஷன் ஷீட்டோடு, படுத்திருக்கும் நோயாளிக்கு ரத்தம் உறையும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போடும் பாதுவா ஸ்கோர் தாளையும் பின் பண்ணி வைக்க ஆரம்பித்தபோது எங்கள் மெடிக்கல் வார்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் காலில் ரத்தம் உறையும், காய்ச்சலுக்குப் படுத்திருப்பவருக்கு எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம் டாக்டர்களுக்கே உண்டு. 1999-இல் வந்த மெடினாக்ஸ் ஆய்வில், தடுப்பு மருந்து போடாத மெடிக்கல் நோயாளிகளில் 14.9 சதவீதம் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் உறைவு இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசியான எனாக்ஸபாரினைத் தினம் 40 மில்லிகிராம் போட்டவர்களில் 5.5 சதவீதம்தான். பெரும்பாலும் வெளியே தெரியாமல், படம் எடுத்துக் கண்டுபிடித்த உறைவுகள். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

நிமோனியாவோடு வந்த 78 வயதுப் பெரியவர் ஒருவருக்கு நான் ஸ்கோர் போட்டேன். வயதுக்கு 1, இதயச் செயலிழப்புக்கு 1, தொற்றுக்கு 1. நடமாட்டக் குறைவுக்கு 3 என்று எழுதப்போனபோது மகள் குறுக்கிட்டார்: “அப்பா பாத்ரூமுக்கெல்லாம் எந்திரிச்சுப் போறாருங்களே டாக்டர்?” எல்லா வார்டிலும் மதிப்பெண் தவறுகிற இடம் இதுதான். பாத்ரூம் வரை போய்வந்து மற்ற நேரமெல்லாம் படுக்கை என்று மூன்று நாளாவது இருப்பவருக்கும் அந்த 3 உண்டு. மொத்தம் 6, நான்கைத் தொட்டாலே ஆபத்து அதிகம்.

அடுத்து, ரத்தம் கசியும் வாய்ப்பு எப்படி என்று பார்க்க வேண்டும். அல்சர் இல்லை, பிளேட்லெட் சரி. (டெங்கு சீசனில் இதைப் பார்க்காமல் ஹெபாரின் பக்கமே போகக்கூடாது.) சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 45 கிலோ உடம்பு, 78 வயது என்று கணக்குப் போட்டால் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 24-தான் வருகிறது. 30-க்குக் கீழே போனால் எனாக்ஸபாரின் உடம்பில் தங்கிவிடும். அதனால் அதற்குப் பதிலாகச் சாதா ஹெபாரின் 5000 யூனிட், காலையும் இரவும் என்று சார்ட்டில் எழுதினேன். ஒல்லியான முதியவர்களுக்குக் கிரியாட்டினினை மட்டும் பார்த்து டோஸ் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஊசியைப் பார்த்ததும் பெரியவர், “நாய்க்கடிக்குப் போடறதுங்களா கண்ணு?” என்றார். அந்தக் காலத்துத் தொப்புள் ஊசியை மறக்காத தலைமுறை. இது மெல்லிய ஊசிங்கய்யா என்று சொல்லி, சிஸ்டர் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துப் போட்டார். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நீலம் பாரிக்கும். மகளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது.

இறுக்கமான காலுறை வாங்கட்டுமா என்றும் கேட்டார்கள். மருந்து போட முடிகிறவருக்கு அது தேவையில்லை. ரத்தக்கசிவு பயம் இருப்பவர்களுக்குத்தான் காலை விட்டுவிட்டு அழுத்தும் காற்றழுத்தக் கருவி.

ஊசியை ஆரம்பிப்பதைவிட தினமும் ரவுண்ட்ஸில் அதைத் திரும்பிப் பார்ப்பதுதான் சிரமம். ஹெபாரினாலேயே பிளேட்லெட் இறங்கலாம், பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு. அதனால் ரத்தப் பரிசோதனையை விடாமல் அனுப்பினோம். மூச்சு சீராகி வராண்டாவில் நடக்க ஆரம்பித்தார்.

டிஸ்சார்ஜ் அன்று மகள், “வீட்லயும் போட்டுக்கலாமுங்களா?” என்றார். வீட்டுக்குப் போன பிறகும் தொடர வேண்டாம் என்பதுதான் அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிவரச் சொல்லிவிட்டு, ஹெபாரினைச் சார்ட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.