ஸ்காட்லாந்து போனால் வேல்ஸ் என்ன செய்யும்?

ஸ்காட்லாந்து தனிநாடு பேச்சு கிளம்பும்போதெல்லாம் பிரிட்டனுக்குள் அவர்களோடும் இங்கிலாந்தோடும் சேர்ந்திருக்கும் வேல்ஸ்தான் எனக்கு ஞாபகம் வரும். நடுவண்ணன் தனிக்குடித்தனம் போய்விட்டால் பெரியண்ணனிடம் மாட்டிக்கொள்ளும் கடைக்குட்டியின் நிலைமை வேல்ஸ்காரர்களுக்கு. இங்கிலாந்தில் ஐந்தரைக் கோடிக்கும் மேல் மக்கள், வேல்ஸில் சுமார் 31 லட்சம். ஸ்காட்லாந்து பிரியலாமா என்ற 2014 வாக்கெடுப்பின்போது வேல்ஸ் முதல்வராக இருந்த கார்வின் ஜோன்ஸ், ஸ்காட்லாந்து பிரியக் கூடாது என்றுதான் பேசினார்.

சரி, அப்படியானால் அவர்கள் தங்களை பிரிட்டிஷ்காரர்களாக நினைக்கிறார்களா? அதுவும் இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வெல்ஷ்' (வேல்ஸ்காரர்) என்று மட்டும் குறித்தவர்கள் 55 சதவீதம். 'பிரிட்டிஷ்' மட்டும் என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஓட்டு என்று வந்துவிட்டால் கதையே வேறு. 1979இல் சொந்த சட்டமன்றமே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்கள் ஐந்தில் நான்கு பேர். 1997இல் வெறும் 6,721 ஓட்டு வித்தியாசத்தில்தான் அது கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பிலும் ஸ்காட்லாந்து வேண்டாம் என்றது, வேல்ஸ் இங்கிலாந்தோடு சேர்ந்து விலகலாம் என்றது.

கோபமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து நகரமான லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக 1965இல் வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற கிராமத்தையே மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் தண்ணீருக்குள். வேல்ஸ் எம்.பி.க்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் லண்டன் கேட்கவில்லை. 'ட்ரவெரினை மறக்காதே' என்று வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஊர் அருகே ஒரு பாழடைந்த சுவரில், சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். 2019இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை யாரோ இடித்தார்கள். ஆர்வலர்கள் உடனே கல் அடுக்கித் திரும்பக் கட்டினார்கள். அப்புறம் அதே வாசகம் வேல்ஸ் முழுக்கச் சுவர் சுவராக முளைத்தது.