கர்ப்ப கால உபாதைகளும் குழந்தையின் முதல் டயப்பரும்

"இந்த நேரத்துல இதெல்லாம் சகஜம்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுற்றியிருப்பவர்களுக்குச் சுலபம். சகஜம்தான். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலான உபாதைகளுக்குக் காரணம் இரண்டுதான்: ஹார்மோன்கள், பிறகு நாளுக்கு நாள் கனக்கும் கருப்பை. எது எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால், என்ன செய்தால் குறையும், எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்ற இரண்டுமே பிடிபட்டுவிடும். டயப்பர் விஷயமும் அப்படித்தான். விளம்பரத்தைவிட அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே நல்லது.

மசக்கையிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் 6-ஆவது வாரத்தையொட்டி ஆரம்பித்து, 9-ஆவது வாரவாக்கில் உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கும். காலையில்தான் வரும் என்றில்லை, நாள் முழுக்கவும் குமட்டலாம். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். அதனால் தலைமாட்டில் ரஸ்க்கோ உப்பு பிஸ்கட்டோ வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் படுத்தபடியே மெதுவாக மென்று, 15 நிமிடம் கழித்து எழுந்திருங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி அளவு ஏதாவது சாப்பிடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளையில் மடக்கு மடக்காகக் குடித்தால் வயிறு உப்பாது. சூடான சாப்பாட்டின் வாசனை ஆகவில்லை என்றால் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். இஞ்சி பலருக்குக் கைகொடுக்கிறது. வைட்டமின் பி6 மாத்திரையும் உதவும்; வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 10 முதல் 25 மி.கி., மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கிளப்பினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா, வேறு வகை தர முடியுமா என்று கேளுங்கள்.

வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கக் கூடாது என்பதைப் பலரும் சொல்வதில்லை. வயிற்று அமிலம் பட்டுப் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும், அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து வாய் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். ஒரு நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது அல்லது போகவே இல்லை, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டது என்றால் அது வெறும் மசக்கை இல்லை. ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் ஒரே வேரிலிருந்து வருபவை. புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தசைகளைத் தளர்த்துகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும், குடல் தளர்ந்தால் மலம் மெதுவாக நகர்ந்து இறுகும். எரிச்சலுக்கு, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 2, 3 மணி நேரம் விடுங்கள். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை கொடுத்து உயர்த்துவது மேல், ஏனென்றால் தலையணை கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை இன்னும் அழுத்தும். அமிலத்தைத் தணிக்கும் மருந்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சேராது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, நடை மூன்றும் சேர்ந்தால்தான் பலன். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் இறுக்கம் அதிகமாகிவிடும். கழிப்பறையில் சின்ன முக்காலி போட்டுப் பாதத்தை உயர்த்தி, முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்கும்படி உட்காருங்கள். முக்க வேண்டாம், அதுதான் மூலத்தைக் கொண்டுவரும்.

நடு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதே, அதற்கு ஒரு முறை உண்டு. அந்த நேரத்தில் கை தானாகச் சதையைப் பிசையப் போகும். அதற்கு முன் முழங்காலை நீட்டி, குதிகாலை வெளியே தள்ளி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். வயிறு பெரிதாகிக் கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். அரை நிமிடத்தில் முடிச்சு அவிழ்வது தெரியும், பிசைவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சோம்பல் முறிக்கும்போது கால் விரல்களைக் கூராக நீட்டுவதுதான் பலருக்கு இந்தப் பிடிப்பைத் தொடங்கி வைக்கிறது. படுக்கும் முன் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி சாய்ந்து நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை. பிடிப்பு விட்டும் வலி போகாமல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சிவப்பும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

முதுகுவலி, இடுப்புவலிக்குப் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. மூட்டு நார்கள் தளர்ந்திருக்கின்றன, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவு பாரம் ஏறாதபோது வலிக்கிறது. எனவே நின்றுகொண்டு ஒற்றைக் காலில் உடை மாட்டாதீர்கள், உட்கார்ந்து மாட்டுங்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிராமல், முழங்கால்களைச் சேர்த்து ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழுங்கள். படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வையுங்கள், அது கணுக்கால் வரை நீளமாக இருந்தால் நல்லது. 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுப்பது பாதுகாப்பு, இடமா வலமா என்று கவலைப்பட வேண்டாம். நடுவில் விழித்து மல்லாந்திருந்தால் பயப்படாமல் திரும்பிப் படுத்தால் போதும். வலிமாத்திரையில் கவனம் தேவை: ஐபுபுரூஃபன் வகை மருந்துகளை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, நீங்களாக எடுக்கக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கக்கூடும்.

சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்கி, காலையில் வடிவது வழக்கமானது. முகமும் கையும் திடீரென்று வீங்கி, கூடவே விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தால் ரத்த அழுத்தத்தை அன்றே பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே அலட்சியம் கூடாது. தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் பித்த அமில அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், கல்லீரல் கோளாறாக இருக்கலாம். ரத்தப்போக்கு, நீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது இவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

34-ஆவது வாரவாக்கில் குனிந்து நிமிர்வதே பாடாகிவிடும். அதற்குள் டயப்பர் விஷயத்தை முடிவு செய்துவிடுவது நல்லது. துணி என்றால் முன்கூட்டியே துவைத்து வைக்கும் வேலையும் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 முறை மாற்ற வேண்டிவரும். ஆனாலும் பிறந்த குழந்தை அளவில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்களின் அந்த அளவு சுமார் 5 கிலோ வரைதான். பிறந்த எடையை இரண்டு வாரத்தில் மீட்ட பிறகு குழந்தை வாரத்துக்கு 150, 200 கிராம் ஏறும், இரண்டு, மூன்று மாதத்துக்குள் அந்த அளவு பலருக்குப் பத்தாமல் போய்விடும். பாக்கெட்டில் மாதக் கணக்கு போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், எடைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். தொப்புள்கொடி விழும் வரை முன்பக்கம் வெட்டு விட்டிருக்கும் டயப்பர் வசதி. இல்லாவிட்டால் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

ஒரு டயப்பரை உள்ளே பிரித்துப் பார்த்தால் நாலு அடுக்கு தெரியும். மேலே ஈரத்தைக் கீழே விடும் மெல்லிய விரிப்பு, அடுத்து ஈரத்தைப் பரப்பும் அடுக்கு, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் மணிகளும், வெளியே நீர் கசியாத உறை. மணிகள் ஈரம் பட்டால் ஜெல் ஆகும். எப்போதாவது உடைந்து குழந்தையின் தோலில் பளபளவென்று ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், துடைத்தெடுங்கள். வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மணிகளால்தான் டயப்பர் நனைந்ததே தெரியாமல் போகிறது. அதற்கு ஒரு சோதனை: உலர்ந்த டயப்பர் ஒன்றில் 3 மேசைக்கரண்டி, அதாவது 45 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்த டயப்பரின் கனம் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிடும்.

பால் போதுகிறதா என்பதை இந்தக் கனம்தான் சொல்லும். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, 5-ஆம் நாளுக்குப் பிறகு தினமும் 6 அல்லது அதற்கு மேல் நனைய வேண்டும். குழந்தையின் முதல் மலமான காட்டுப்பீ கறுப்பாகத் தார் போல வரும், 3, 4 நாளில் பச்சையாகி, பிறகு கடுகு மஞ்சளுக்கு வரும். 5 நாளாகியும் கறுப்பாகவே இருந்தாலோ, டயப்பரில் செங்கல் பொடி நிறக் கறை தொடர்ந்தாலோ குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

டயப்பர் ஒழுகினால் முதலில் நிறுவனத்தை மாற்றத் தோன்றும். அதற்கு முன் மாட்டும் விதத்தைப் பாருங்கள். பின்பக்கம் தொப்புள் மட்டத்துக்கு வரும்படி வைத்து, இரண்டு ஒட்டுப்பட்டைகளையும் ஒரே உயரத்தில் ஒட்டி, இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு விடுங்கள். பிறகு ஆள்காட்டி விரலைத் தொடை மடிப்பு ஓரமாக முழுச் சுற்று ஓட்டி, உள்ளே மடங்கிக் கிடக்கும் சுருக்கு விளிம்பை வெளியே எடுத்துவிடுங்கள். ஒழுகுவதில் பெரும்பங்கு இந்த மடங்கிய விளிம்பால்தான். ஆண் குழந்தைக்குக் குறியைக் கீழ்நோக்கி வைக்காவிட்டால் இடுப்பு வழியாக நனையும். எல்லாம் சரியாக இருந்தும் தொடையில் சிவந்த தடம் பதிகிறது, முதுகு வழியாக மலம் ஏறுகிறது என்றால் அடுத்த அளவுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

துணி நாப்பி நல்ல தேர்வா என்பது இரண்டு கேள்விகளில் அடங்கும்: துவைப்பது யார், காய்வது எங்கே? இதற்குத் தெளிவான பதில் இல்லாத வீட்டில் முதல் மாதம் துணியைக் கட்டாயப்படுத்துவது பிரசவித்த பெண்ணின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதுதான். பகலில் துணி, இரவில் டயப்பர் என்று கலந்து பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

துணி என்று முடிவானால், இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைக்கும் கணக்குக்கு 24 துணி, நீர் கசியாத மேலுறை 5 அல்லது 6 வேண்டும். பருத்தியும் மூங்கில் இழையும் புதிதாக இருக்கும்போது சரியாக உறிஞ்சாது. நாலைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் முழு அளவு பிடிக்கும். மைக்ரோஃபைபர் பட்டை வேகமாக உறிஞ்சும், ஆனால் தோலில் நேரடியாகப் படக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும். அழுக்கானதை ஊறப்போடாமல் மூடாத கூடையில் போட்டுவைத்து, முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு 60 டிகிரி சூட்டில் போதிய சோப்புத்தூளோடு துவைத்து, நிறைய நீரில் அலசுங்கள். மேலுறைகளுக்கு 40 டிகிரி போதும், வெயிலிலும் வாட்டக் கூடாது. துணியை மிருதுவாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம். இழையின் மேல் படலமாகப் படிந்து ஈரத்தை உள்ளே விடாது. சந்தேகம் வந்தால் காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். முத்து போல நின்றால் படலம் இருக்கிறது, சூடான நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் போகும்.

எந்த வகையானாலும் தோலைப் புண்ணாக்குவது சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடப்பதுதான். சிறுநீர் தோலின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது, அப்போது மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்கத் தொடங்குகின்றன. ஆகவே மலம் போனால் உடனே மாற்ற வேண்டும், சிறுநீர் மட்டும் என்றால் 2, 3 மணி நேரம் போகலாம். வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கேக்கின் மேல் கிரீம் பூசுவது போலத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மேலே உள்ள அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சக் களிம்பின் மேலேயே திரும்பப் பூசலாம். அதைச் சுரண்டினால்தான் தோல் உரியும். பவுடர் வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும். தொடை மடிப்புக்குள்ளேயே பளிச்சென்று சிவந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தெறித்தாற்போல இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. களிம்பு மட்டும் கேட்காது, பூஞ்சைக்கான மருந்தை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

மாற்றும் இடத்தில் தண்ணீர், பஞ்சு, புது டயப்பர், களிம்பு, மாற்றுடை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே குழந்தையைக் கிடத்துங்கள். மேசையோ கட்டிலோ, ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்கட்டும். எடுக்க மறந்த பொருளுக்காக நகர வேண்டியிருந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.