அல்மாட்டிக்குப் போன 240 பேரிங்

ஜெர்மனியில் இயந்திர உதிரிபாகம் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. 2024 கோடையில் கஜகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து 240 பால் பேரிங் (ball bearing, சுழலும் பாகம் உராயாமல் ஓட உதவும் குண்டுகள் வைத்த வளையம்) கேட்டு ஆர்டர் வந்தது. சுரங்கத்தில் நிலக்கரியை நகர்த்தும் கன்வேயர் பட்டைகளைப் பழுது பார்க்கும் நிறுவனம், உக்ரைன் போருக்கு முன்பிருந்தே எங்கள் வாடிக்கையாளர். முன்பெல்லாம் அரை நாளில் முடிகிற வேலை இது. இந்த முறை ஏழு வாரம் ஆனது.

பால் பேரிங்கின் சுங்கக் குறியீடு 8482 10. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்து, ரஷ்ய ராணுவத்துக்குப் போய்ச் சேரக் கூடாத சரக்குகள் என்று வகுத்த உயர் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கும் 50 குறியீடுகளில் அதுவும் ஒன்று. மின்னணு சிப்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பேரிங் இல்லாமல் ராணுவ டாங்கும் ஓடாது, அதை ஏற்றிப் போகும் ரயிலும் ஓடாது. கஜகஸ்தான் மீது தடை எதுவும் இல்லை. ஆனால் அது ரஷ்யாவோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் 7,000 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. அங்கே போன சரக்கு சுலபமாக ரஷ்யாவுக்குப் போய்விடலாம், அதனால்தான் இவ்வளவு கேள்வி.

பெயர்ச் சோதனை சீக்கிரம் முடிந்தது. பங்குதாரர்களில் தடைப் பட்டியலில் இருப்பவர் யாரும் இல்லை. அப்புறம் ஒப்பந்தம். 2024 மார்ச் 20 முதல், இப்படிப்பட்ட சரக்கை ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சிக்கல் அடுத்த கேள்வியில் வந்தது. எந்தக் கன்வேயர், எத்தனை உருளை, பழைய பேரிங் என்ன ஆனது என்று கேட்டேன். "இத்தனை வருடத்துக்குப் பிறகு எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று அவர்களின் கொள்முதல் மேலாளர் எழுதினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. 2022 ஆகஸ்டில் லண்டனின் ராயல் யுனைடெட் சர்வீசஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட ஆய்வை அவருக்கு அனுப்பினேன். உக்ரைனில் கிடைத்த 27 ரஷ்ய ஆயுத அமைப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது 450 வெளிநாட்டு உதிரிபாகங்கள் இருந்தன. அவற்றை விற்ற இடங்களிலும் என்னைப் போல ஒருவர் தாள்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து படங்கள் வந்தன. நிலக்கரித் தூள் ஒட்டிய கிரீஸ், செதில் செதிலாகப் பெயர்ந்த வெளிவளையம், உருளையின் மேல் சாக்பீஸில் எழுதிய வரிசை எண். அந்த எண் அவர்களின் பராமரிப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணோடு பொருந்தியது. நேர்மையானவர்தான் இந்தச் சுமையை அதிகம் தூக்குகிறார், அதை மறுக்க முடியாது. ஆனாலும் கேட்காமல் அனுப்ப என்னால் முடியாது.

வங்கி இருமுறை ஆவணம் கேட்டது. ரஷ்யா வழியாக லாரி வேண்டாம் என்று முடிவு செய்து, ஜார்ஜியா, அஜர்பைஜான், காஸ்பியன் கடல் வழியாக கஜகஸ்தானின் அக்டாவ் துறைமுகத்துக்கு அனுப்பினோம்.

அதே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இன்னொரு நிறுவனம் இதே பேரிங்கைக் கேட்டிருந்தது. 2022 மே மாதம் பதிவான நிறுவனம், இணையதளம் கிடையாது. எந்த இயந்திரத்துக்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு பெயரில் அதே அளவு, அதே எண்ணிக்கையில் ஆர்டர் வந்தது. தொலைபேசி எண் மட்டும் மாறவில்லை. அந்த எண்ணை எங்கள் மறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.