அண்ணி கேட்ட பனிக்காடு

மார்ச் 4

அண்ணி ஹாலில் மாட்ட ஒரு படம் கேட்டிருக்கிறார். "பனி கொட்டிக் கிடக்கிற காடு வரைஞ்சு குடுங்க தம்பி. பார்த்தாலே குளுகுளுன்னு இருக்கணும்." சேலத்து வெயிலுக்கு நியாயமான ஆசைதான். ஆனால் வெறும் வெள்ளையை அப்பிவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை. பனி இளகத் தொடங்கும் காடு என்றால் சரி.

மார்ச் 7

ரஷ்ய ஓவியர் லெவிடனின் 'மார்ச்' படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். 1895இல் வரைந்தது, மாஸ்கோவில் த்ரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. மஞ்சள் வீடு, வாசலில் சறுக்கு வண்டியோடு ஒரு குதிரை, பின்னால் காடு. பனியில் வெயில் பட்ட இடம் லேசான மஞ்சள், நிழல் அசல் நீலம். நிழலுக்குள் சூரிய ஒளி நேராக விழாது, வானத்து வெளிச்சம்தான் விழும். அதனால்தான் அந்த நீலம்.

மாடியில் காயும் அப்பாவின் வேட்டி மடிப்பிலும் அதே நீலம். அம்மா சொட்டு நீலம் என்கிறார். அப்படியென்றால் வெயில் பட்ட பக்கத்தில் அது எங்கே போச்சாம்?

மார்ச் 11

விடிகாலையில் ஏற்காடு. பனிநாட்டு பிர்ச் மரம் வரைய சில்வர் ஓக் அடிமரம் மாதிரியாக ஆகாது. பிர்ச் வெள்ளைப் பட்டையில் கறுப்புத் தழும்போடு இருக்கும். ஆனால் மூடுபனிக்குள் தூரத்து மரங்கள் வெளிறி, ஓரம் கரைந்து நின்றதை வரைந்துகொண்டேன். காட்டின் ஆழத்துக்கு அது போதும்.

மார்ச் 15

இந்த வெக்கையில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் கலக்கிறேன்.

இன்று முழுக்க மரத்தடிதான். அடிமரம் வெயிலை வாங்கிச் சூடாவதால் அதைச் சுற்றிய பனி முதலில் கரையும். வட்டக் குழி விழுந்து, போன வருஷத்துச் சருகு தெரியும். பழுப்புக்கு மேல் பழுப்பாக வைத்தேன், விளிம்பில் மட்டும் நீலம். எட்டிப் பார்த்த அண்ணன், "என்னடா, தென்னைக்குப் பாத்தி கட்டின மாதிரி இருக்கு?" என்றார். அதேதான்.

மார்ச் 19

லெவிடனின் ஆசிரியர் சவ்ரசோவ் 1871இல் வரைந்த புகழ்பெற்ற படத்தில், குளிர் முடிந்து திரும்பும் காக்கை இனப் பறவைகள் பிர்ச் மரங்களில் கூடு கட்டும். எனக்கும் நாலு காக்கை போட ஆசை. "ஹாலுக்குள்ள காக்காவா? ஒரு மான் போடுங்க தம்பி" என்றார் அண்ணி. மான் முடியவே முடியாது என்றேன். அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து, காக்கை இல்லாமல் கூடுகள் மட்டும் என்று முடிவானது. பிரேம் செலவு அண்ணன் தலையில்.