இசை நின்றதும் இருளும் எல்.இ.டி. குழல்கள்

பாட்டு நின்ற கணமே நான்கு எல்.இ.டி. குழல்களும் முழுமையாக இருண்டுவிடும் நிலையை ஒருவழியாக எட்டிவிட்டேன். இசைக்கேற்ப ஒளிர வைப்பது இந்த வேலையில் எளிய பகுதி. இசையே இல்லாதபோது மினுக்காமல் இருக்க வைப்பதில்தான் உழைப்பு முழுவதும் போனது.

அமைப்பு வழக்கமானதுதான்: ஒவ்வொரு குழலிலும் 60 விளக்குகள் கொண்ட ஒரு மீட்டர் டபிள்யூஎஸ்2812பி வண்ண எல்.இ.டி. பட்டை, ஈஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிப் பலகை, அதில் ஓடி விளக்குகளை இயக்கும் டபிள்யூஎல்இடி மென்பொருள், 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்த 74ஏஹெச்சிடி125 சிப். 240 விளக்குகளும் முழு வெண்மையில் எரிந்தால் ஏறத்தாழ 14.4 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மின்னோட்ட வரம்பை மென்பொருளிலேயே வைத்துவிட்டேன்.

முதலில் பொருத்தியது தானியங்கிப் பெருக்கம் கொண்ட அனலாக் மைக். அறையில் சத்தம் அடங்கினால் அது தன் பெருக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். பேச்சைப் பதிவு செய்ய அது நல்ல குணம், ஒளிக்குழலுக்கோ பெருந்தொல்லை. விளக்குகள் எரியும்போது 5 வோல்ட் இணைப்பில் எழும் ஏற்ற இறக்கமும் மைக்கின் வெளியீட்டில் கலந்தது. அதையும் ஒலியென்றே கணக்கிட்டு விளக்குகள் மீண்டும் எரிந்தன. நிசப்தமான அறையில் குழலின் அடிப்பகுதி மட்டும் சிவப்பில் துடித்துக்கொண்டே இருந்தது.

ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக்குக்கு மாறியதும் இது பெருமளவு தீர்ந்தது, ஏனெனில் ஒலி மைக்கின் உள்ளேயே எண்களாக மாறி வெளிவருகிறது. அதன் எல்/ஆர் முனையை (இடது, வலது சேனலைத் தேர்வது) கிரவுண்டுடன் கட்டாயம் இணைக்க வேண்டும். சாலிடர் செய்யும்போது, பலகையில் ஊசித்துளை போலத் தெரியும் ஒலித்துளைக்குள் ஃபிளக்ஸ் (சாலிடர் ஒட்ட உதவும் பசை) இறங்காமல் காக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் மைக் செவிடாகிவிடும்.

மிச்சமிருந்த மினுக்கலை ஸ்குவெல்ச் அளவே அடக்கியது; அந்த அளவுக்குக் கீழான ஒலியை மென்பொருள் நிசப்தமாகவே கொள்ளும். இங்கே நான் கண்ட முறை மிகவும் பயன்பட்டது: மூன்று குழல்களை வெண்மையில் எரியவிட்டு, நான்காவதில் மட்டும் இசை எஃபெக்டை ஓட்டி, மின்விசிறியும் சுழலும்போது, அந்தக் குழல் இருளும்வரை ஸ்குவெல்ச்சைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். மின்னிரைச்சலும் அறையிரைச்சலும் மிகுந்திருக்கும் அந்த நிலையில் இருளும் குழல் வேறெப்போதும் வீணாக எரிவதில்லை. பிறகு மெல்லிய புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிட்டு, அதற்கு ஒளி எழுகிறதா என்று பார்த்து கெயினை, அதாவது மென்பொருளின் ஒலிப் பெருக்கத்தை, சரிசெய்தேன். மென்பொருளின் தானியங்கி கெயினை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பால்நிறக் குழல் வாங்குவோர் விற்பவரிடம் உள்விட்டத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பட்டையில் விளக்குகளுக்கிடையே ஏறத்தாழ 16.7 மில்லிமீட்டர் தூரம்; பட்டைக்கும் குழல் சுவருக்கும் அதைவிடக் குறைவான இடைவெளி இருந்தால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நான்காம் குழலுக்கு இன்னும் மூடி ஒட்டவில்லை. அதற்குள்ளாகவே இரண்டாவது ஈஎஸ்பி32-ஐ எடுத்து வைத்துவிட்டேன்: அதற்குத் தனி மைக் கிடையாது; முதல் பலகை அலசிய ஒலி விவரத்தை வைஃபை வழியாக யூடிபி (தரவை வேகமாக அனுப்பும் வலைப்பின்னல் முறை) ஒத்திசைவில் பெற்று, எதிர்ச்சுவர்க் குழல்களை அது இயக்க வேண்டும்.