புரட்டாசி உருண்டையில் வே புரோட்டீன்: கூழில் தொடங்கி லேபிள் வரை

எங்கள் அத்தைக்கு 74 வயது. போன வருஷம் ஆகஸ்ட் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் புரட்டாசி பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்று நான் 2011-இல் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். வீட்டில் தமிழ் பேசுவது நின்று போனவர்கள்கூட அந்த மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார்கள். மீன் இல்லை, முட்டை இல்லை. அத்தையும் அப்படித்தான். காலில் பலமில்லாமல் வாக்கர் பிடித்து நடக்கிறவர், "இத்தனை வருஷம் விடாம பிடிச்சேன், இப்ப விடுவேனா?" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் முதலில் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். அது நன்றாக இருந்ததால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது தினமும் போகட்டும் என்றார். அத்தை 55 கிலோ. அப்படியானால் நாளைக்கு 66 கிராம். அவர் சாப்பிட்டதை மூன்று நாள் எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தேன். கூழ், பருப்பு, தயிர், ஒரு ரொட்டி எல்லாம் சேர்ந்து 35-ஐத் தாண்டவில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.)

முதலில் எனக்குத் தோன்றியது வீட்டில் பனீர் கட்டி மிஞ்சிய தண்ணீர், ஆங்கிலத்தில் வே (whey) என்பது. புரதம் உள்ளது என்று கேட்டிருக்கிறேன், அதைக் கீழே ஊற்றுவானேன் என்று கூழில் ஊற்றினேன். பிறகுதான் படித்தேன்: பசும்பால் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின், அதுதான் திரிந்து கட்டியாகிறது. மீதி ஒரு பங்கு வே புரதம், அது தண்ணீரில் கரைந்தே நிற்கும். ஆனால் பனீருக்குப் பாலைக் கொதிக்க வைக்கிறோமே, அந்தச் சூட்டில் வே புரதத்தில் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே போய்விடுகிறது. மிச்சத் தண்ணீரில் லிட்டருக்குச் சில கிராம்தான் இருக்கும். அதை இப்போது ரொட்டி மாவு பிசையப் பயன்படுத்துகிறேன், ரொட்டி மெத்தென்று வருகிறது. பக்கத்து வீட்டு ஜூலு அம்மா அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் "உம்லாஸா" என்றார். அமாசி என்கிற கெட்டியான புளித்த பாலுக்காகப் பாலைப் புளிக்க வைத்து வடித்தெடுக்கும் தண்ணீருக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயராம். நமக்கு அதற்கென்று ஒரு பெயர் புழக்கத்தில் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

எனவே கடையில் வே புரோட்டீன் பொடி வாங்க வேண்டியதாயிற்று. சீஸ் ஆலையில் மிஞ்சும் தண்ணீரை மெல்லிய சவ்வில் வடிகட்டி, பாலின் சர்க்கரையான லாக்டோஸைக் குறைத்து, உலர்த்தியது. நூற்றுக்கு எண்பது புரதம் உள்ளதைக் கான்சென்ட்ரேட் என்கிறார்கள், தொண்ணூறுக்கு மேல் போனால் ஐசொலேட். ஒரு கடையில் சமையலுக்கு என்று கேட்டும், வெனிலா வாசனையும் சுக்ரலோஸ் என்கிற செயற்கை இனிப்பும் போட்ட டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். கூழில் வெனிலா! அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்பட்டியலில் வே, அதிகம் போனால் சோயா லெசித்தின், அவ்வளவுதான் இருக்க வேண்டும். லெசித்தின், பொடி தண்ணீரில் சட்டென்று கரைவதற்காகச் சேர்ப்பது.

வாசனையில்லாத பொடி கிடைத்த பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் நான் அதிகம் வீணாக்கினேன். எங்கள் வீட்டுக் கூழ் மக்காச்சோள மாவில் காய்ச்சி அமாசி ஊற்றியது, மாரியம்மன் பூஜைக்கு ஊற்றுகிற அதே கூழ். அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு கரண்டி பொடியைத் தூவினேன். கண்ணெதிரே வெள்ளை வெள்ளையாக முடிச்சுப் போட்டது. அகப்பையால் நசுக்கினால் ரப்பர் மாதிரி வழுக்கியது, வடிகட்டியிலும் போகவில்லை. வே புரதம் 70 டிகிரிக்கு மேல் தன் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். கூழின் புளிப்பு வேறு அதைத் துரிதப்படுத்துகிறது. வே புரதம் தண்ணீரில் கரையாமல் தமக்குள் திரண்டுகொள்ளும் ஒரு புளிப்பு அளவு உண்டு, அமாசி கலந்த கூழ் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சூடும் அந்தப் புளிப்பும் சேர்ந்தால் வேறு வழியில்லை, திரிந்துதான் போகும்.

சரியாக வந்தது இப்படி. பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரண்டியால் மெதுவாகக் கலக்கி (பீட்டர் போட்டால் நுரை பொங்கி அடங்கவே அடங்காது) அரை மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் தண்ணீரை உறிஞ்சி வழவழவென்று ஆகிவிடும். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அதில் ஊற்றிக் கலக்கலாம். மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. பத்தாவது நாள் அத்தை கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

முறுக்கில் தோற்றேன். அரிசி மாவு, உளுந்த மாவோடு பத்தில் ஒரு பங்கு பொடி சேர்த்ததற்கே எண்ணெயில் விழுந்த மறுநிமிஷம் கருஞ்சிவப்பாகிவிட்டது, உள்ளே வேகவில்லை. பொடியில் மிச்சமிருக்கும் லாக்டோஸும் புரதமும் சூட்டில் சேர்ந்து நிறம் ஏறுகிறது. தீயைக் குறைத்தால் எண்ணெய் குடித்தது. பொரிப்பதற்கு இது உதவாது என்று விட்டுவிட்டேன்.

மாவுருண்டைக்குத்தான் வே புரோட்டீன் பிறந்திருக்கிறது என்று சொல்வேன். தண்ணீர் இல்லை, அடுப்பில் வேக வேண்டியதில்லை. என் அளவு: பொட்டுக்கடலை மாவு 300 கிராம், வே பொடி 100, பொடித்த சர்க்கரை 200, நெய் 150, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. 30 உருண்டை வரும். ஒவ்வொன்றும் 25 கிராம், அதில் புரதம் ஏறக்குறைய நாலே முக்கால் கிராம். பொடி சேர்க்காமல் முழுக்கப் பொட்டுக்கடலையில் பிடித்தால் மூன்று கிராம்கூட வராது. மாவைக் கொஞ்சம் வறுத்து ஆறவிட்டு அப்புறம்தான் வே பொடி. உருக்கிய நெய்யைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுகிறேன். வே பொடியை இதற்குமேல் கூட்டினால் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, வயசானவர்களுக்கு அது நல்லதில்லை. வெல்லப் பாகில் பிடித்த ஒரு தொகுதி பத்தே நாளில் கல்லாகிவிட்டது. பாகின் ஈரத்தைப் புரதம் நாளாக நாளாக இழுத்துக்கொள்வதால் இறுகிவிடுகிறது. கடைப் புரோட்டீன் பார்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை அத்தை உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, சீஸை உறைய வைக்கறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்து ஊத்துவாங்களாமே. அந்தத் தண்ணிதானே இது? அப்ப இது கவிச்சியா?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ரென்னெட் என்கிற உறைபொருள் பாரம்பரியமாகக் கன்றின் இரைப்பையிலிருந்துதான் வருகிறது. பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. பாலை உறைய வைக்கும் கைமோசின் என்கிற நொதியை நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கச் செய்து எடுப்பதும் உண்டு, அதை அமெரிக்காவில் 1990-இலேயே அனுமதித்தார்கள். டப்பாவில் எந்த வகை என்று எழுதியிருக்கவில்லை. விற்பனையாளரிடம் போனில் கேட்டால் "வெஜிடேரியன்தான்" என்றார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன். மூன்று வாரம், நாலு மின்னஞ்சல். அத்தை அதுவரை உருண்டையைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கடைசியில் தயாரிப்பாளரின் கடிதம் வந்தது: விலங்கு ரென்னெட் இல்லை, நுண்ணுயிர் வகை. அதை அத்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவும் ஹலாலுக்காக அதே கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் கோயில் பெண்கள் இந்த வருஷப் புரட்டாசிக்குச் செய்து தரச் சொன்னார்கள். விற்பது என்றால் வேறு கதை. 2018-இல் வந்த ஆர்638 என்கிற தென்னாப்பிரிக்க உணவுச் சுகாதார விதிப்படி, உணவு தயாரிக்கும் இடத்துக்கு நகராட்சியிடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சுகாதார அதிகாரி வந்து சமையலறையைப் பார்த்தார். கை கழுவத் தனித் தொட்டி வைக்கச் சொன்னார், நாய் உள்ளே வரக் கூடாது என்றார், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று கேட்டார். எல்லாம் நியாயமானவை. இரண்டாம் முறை வந்தபோது கிடைத்துவிட்டது.

லேபிளுக்கு 2010-இன் ஆர்146 என்கிற விதி. "புரதம் நிறைந்தது" என்று போட ஆசைப்பட்டேன். அப்படி உரிமை கோரினால் ஆய்வக அறிக்கை வேண்டும், என் கணக்குப் போதாது. எனவே அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வாமை வரியில் விட்டுக்கொடுக்கவில்லை. "வே" என்று மட்டும் போட்டால் பாலென்று எத்தனை பேருக்குத் தெரியும்? பசும்பால், சோயா இரண்டையும் ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் போட்டேன், கீழே தமிழிலும் எழுதினேன். முதல் சனிக்கிழமை கோயில் மேசையில் ஒரு இளம் அம்மா பொட்டலத்தைத் திருப்பிப் படித்துவிட்டு, "என் பையனுக்குப் பால் ஆகாது" என்று திரும்ப வைத்தார். அவரிடம் நன்றி சொல்லி, வெறும் பொட்டுக்கடலையில் எண்ணெய் ஊற்றிப் பிடிக்கும் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அத்தை இப்போது வாக்கர் இல்லாமல் வாசல்வரை போகிறார். காலையில் ஒன்று, நாலு மணி டீயோடு ஒன்று.