மண் இல்லாமல் வரும் ஆப்பிள் கன்று

'பேர் ரூட்' ஆப்பிள் கன்று வாங்கிச் சென்னையில் நடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இலையுதிர்ந்து உறங்கும் கன்றைத் தோண்டி, வேரில் மண்ணே இல்லாமல் அனுப்பும் முறை அது. குளிர் நாடுகளுக்கு அருமையானது. எடை குறைவு, விலையும் குறைவு. வேர் காயாமல் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுவார்கள்.

ஆனால் பெரும்பாலான ஆப்பிள் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். நமக்கு மார்கழி இரவிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது! இலை விடலாம், காய்ப்பது கடினம்.

அந்தக் காசுக்கு நல்ல நர்சரியில் 'லக்னோ 49' ரகக் கொய்யாப் பதியன் ஒன்று வாங்குங்கள். எலுமிச்சையும் சரி. இரண்டடிக் குழி, மட்கிய சாணம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையவே கூடாது, அதில்தான் கன்றின் உயிர் இருக்கிறது. ஆடியில் நட்டுத் தண்ணீர் விட்டு வந்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அப்புறம், வேளச்சேரி மாதிரி தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் மேடு கட்டி நடுங்கள்.